ஒரு பாஸ்பேட் கழன்றால்: வாசகர் கேள்விகள்

பாஸ்பேட்டேஸ் பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு மிகவும் நெருக்கமான நொதிக் குடும்பம் இது. ஒரு மூலக்கூறில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றுவதுதான் இதன் வேலை. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் செல்லின் சவ்விலும் கொழுப்பிலும் அது எங்கே நடக்கிறது என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

என் மகனுக்கு 13 வயது. காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ‘ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 310’ என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. பக்கத்தில் 40–130 என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஈரல் கெட்டுவிட்டதோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை அம்மா.
(ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

டாக்டர் சொன்னதுதான் சரி. அந்த 40–130 பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகளுக்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருப்பது இயல்பு. உங்கள் மகன் விறுவிறுவென்று உயரம் போடும் வயதில் இருக்கிறான். அவன் எலும்பு வளர்கிறது என்பதைத்தான் அந்த 310 காட்டுகிறது. பிள்ளைகளின் ரிப்போர்ட்டிலும் பெரியவர்களின் அளவையே அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் மாற வேண்டும். எத்தனை தாய்மார்களை அது வீணாகக் கலங்க வைக்கிறது!

சுருக்கமாக ஏ.எல்.பி. என்று சொல்லப்படும் இந்த நொதி ஈரலில் மட்டும் இருப்பதில்லை. எலும்பு, குடல், சிறுநீரகம், நஞ்சுக்கொடி எல்லாவற்றிலும் உண்டு. செல்லுக்குள் மிதக்காமல், ஒரு கொழுப்புப் பிடிமானத்தால் சவ்வின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பை உருவாக்கும் செல்களில் அது வெளிப்பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. செல்களுக்கு வெளியே பைரோபாஸ்பேட் என்ற பொருள் இருக்கிறது. அது இருக்கும்வரை எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாது. ஏ.எல்.பி. அதை உடைத்துவிட்டால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிய ஆரம்பிக்கும். வளரும் எலும்பில் இப்படி ஒரு பாஸ்பேட்டேஸ் இருக்கிறது என்று 1923-லேயே லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் ராபிசன் எழுதிவிட்டார்.

பெரியவர்களுக்கு ஏ.எல்.பி. ஏறினால் பித்தக் குழாய் அடைப்பா, எலும்புக் கோளாறா என்ற கேள்வி வரும். அப்போது ஜி.ஜி.டி. என்ற இன்னொரு சோதனை உதவும். அதுவும் ஏறியிருந்தால் பெரும்பாலும் ஈரல், பித்தம் பக்கம். ஏறாவிட்டால் எலும்புப் பக்கம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் ஏறுவது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது, அதுவும் இயல்புதான்.

ஏறியதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இறங்கியதைக் கண்டுகொள்வதில்லை. ஏ.எல்.பி. பிறவியிலேயே குறைவாக இருக்கும் நோய் ஒன்று உண்டு. ஹைப்போபாஸ்பேட்டேசியா என்று பெயர் வைத்து, 1948-ல் டொராண்டோவில் ராத்பன் என்ற மருத்துவர் விவரித்தார். எலும்பில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. ஐந்து வயதுக்கு முன்பே பால் பல் வேரோடு கழன்று விழுவது அதன் அடையாளங்களில் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளையின் ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. குறைவாக இருந்தால் ‘குறைவுதானே, நல்லது’ என்று விட்டுவிடக் கூடாது. 2015 முதல் அந்த நொதியையே ஊசியாகக் கொடுக்கும் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது.

என் மனைவிக்கு ஒரு லேபில் ஏ.எல்.பி. 14, மறுநாள் இன்னொரு லேபில் 82. இரண்டில் எதை நம்புவது? வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டுமா?
(கும்பகோணம் வாசகர்)

முதல் ரிப்போர்ட்டில் கால்சியமும் பொட்டாசியமும் எடுத்திருந்தால் அவற்றைப் பாருங்கள். கால்சியம் மிகக் குறைந்தும் பொட்டாசியம் மிக ஏறியும் இருந்தால், ரத்தம் ஊதா மூடிக் குழாயில் போய்விட்டது, அல்லது அதிலிருந்து கொஞ்சம் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். ஏ.எல்.பி. வேலை செய்ய அதன் உள்ளே துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும். அவை பறிபோனால் நொதி அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

இந்தச் சோதனையை நேரில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாரா நைட்ரோபினைல் பாஸ்பேட் என்ற கரைசலுக்கு நிறமே கிடையாது. காரத்தன்மை உள்ள கரைசலில் 37 டிகிரியில் நோயாளியின் சீரம் கொஞ்சம் சேர்த்தால் பாஸ்பேட் கழன்று, மிச்சம் உள்ளது மஞ்சளாகும். எவ்வளவு வேகமாக மஞ்சள் ஏறுகிறதோ அவ்வளவு ஏ.எல்.பி. கருவி 405 நானோமீட்டர் ஒளியில் அந்த வேகத்தைத்தான் அளக்கிறது. தவறான குழாயில் வந்த ரத்தத்தைச் சேர்த்தால் கண்ணாடிக் கிண்ணம் வெறும் தண்ணீராகவே நிற்கும்.

வெறும் வயிறு நல்லதுதான். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு, குடலின் உட்பரப்பிலிருந்து வரும் ஏ.எல்.பி. சில மணி நேரம் ரத்தத்தில் கூடும். ஓ, பி ரத்த வகைக்காரர்களில் பலருக்கு இது நன்றாகத் தெரியும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மாலையில் ரத்தம் கொடுத்தவருக்கு ஈரல் நோய்ப் பட்டம் கட்டிவிடக் கூடாது.

மேடம், நான் உயிர்வேதியியல் இளநிலை மாணவி. ‘கைனேஸ் இயக்கும், பாஸ்பேட்டேஸ் நிறுத்தும்’ என்று எங்கள் குறிப்பில் ஒரே வரி இருக்கிறது. பிடென் என்ற பாஸ்பேட்டேஸ் புற்றுநோயைத் தடுக்கிறது என்றும் இருக்கிறது. கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றினால் புற்றுநோய் எப்படித் தடைபடும்?
(தூத்துக்குடி மாணவி)

அருமையான கேள்வி. பாடப்புத்தகங்கள் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான கைனேஸுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, கழற்றும் நொதிக்கு ஒரு வரி கொடுப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

செல் சவ்வு ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமன். இரண்டு அடுக்கு பாஸ்போலிப்பிட், அதாவது பாஸ்பேட் உள்ள கொழுப்பு (லிப்பிட்). உள் அடுக்கில் சிறு பங்காக பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் இனோசிட்டால் என்ற ஆறு கார்பன் வளையம் செல்லின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வளையத்தின் 3, 4, 5 ஆகிய மூன்று இடங்களில் பாஸ்பேட் ஏறலாம், இறங்கலாம். எந்த இடத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் பொறுத்து ஏழு விதமான லிப்பிட் கிடைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் அந்த ஏழையும் பிரித்து அறிகின்றன. எது எங்கே போய் ஒட்ட வேண்டும் என்பதை இந்தப் பாஸ்பேட்டுகளின் இருப்பே தீர்மானிக்கிறது.

இப்போது இன்சுலின் செல்லுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4, 5 இடங்களில் பாஸ்பேட் உள்ள பிப்-2 மேல் ஒரு கைனேஸ் 3-ஆம் இடத்திலும் பாஸ்பேட்டை ஏற்றும். அது பிப்-3 ஆகும். உடனே ஏ.கே.டி. என்ற புரதம் சவ்வுக்கு ஓடி வந்து பிப்-3-ஐப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். ‘சர்க்கரையை உள்ளே எடு, வளர், சாகாதே’ என்ற வகையில் பல வேலைகள் தொடங்கும். பிடென் செய்வது ஒன்றே ஒன்று: அந்த 3-ஆம் இடத்துப் பாஸ்பேட்டை வெட்டி, பிப்-3-ஐ மறுபடி பிப்-2 ஆக்குகிறது. ஏ.கே.டி.க்குப் பிடிக்க இடமில்லை, விலகிப் போய்விடும். பிடென் இல்லாத செல்லில், யாரும் சொல்லாமலேயே ‘வளர், சாகாதே’ ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இது தெரிந்த விதமும் படிக்க வேண்டியது. 1997-ல் நியூயார்க்கில் ரமோன் பார்சன்ஸ் குழுவும் ஹூஸ்டனில் இன்னொரு குழுவும், கட்டிகளில் அடிக்கடி தொலைந்துபோகும் 10-ஆம் குரோமோசோம் பகுதியைத் துருவி இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. அதன் வரிசையைப் பார்த்தவர்கள் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி என்றே எண்ணினார்கள். அடுத்த ஆண்டு, மிச்சிகனில் டோமோஹிக்கோ மாயேஹாமாவும் ஜாக் டிக்சனும் அதன் உண்மையான இலக்கு ஒரு சவ்வு லிப்பிட் என்று காட்டினார்கள். புற்றுநோய் ஆராய்ச்சியின் பார்வை சவ்வுக் கொழுப்பின் மேல் அழுத்தமாகத் திரும்பியது அப்போதுதான்.

பிறவியிலேயே பிடெனின் ஒரு பிரதி கெட்டவர்களுக்கு கௌடன் நோய்க்குறி வரும். தலை சற்றுப் பெரிதாக இருக்கும். முகத்திலும் ஈறுகளிலும் சிறு சிறு பருக்கள் தோன்றும். மார்பகம், தைராய்டு, கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். 2012-ல் பிரிட்டனில் இவர்களைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இவர்கள் மற்றவர்களைவிடப் பருமனாக இருந்தும், இவர்கள் உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பிப்-3 நீடிப்பதால் இன்சுலினுக்கு லாபம், கட்டிக்கும் லாபம். ‘பிடெனை அடக்கினால் சர்க்கரை நோய் தீரும்’ என்று யாராவது சொன்னால் அந்த இரண்டாவது லாபத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வளையம் அதேதான், இடம் மாறினால் நோயும் மாறும். 5-ஆம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்றும் ஓ.சி.ஆர்.எல். என்ற நொதி இல்லாத ஆண் குழந்தைகள் இரு கண்ணிலும் புரையோடு பிறக்கிறார்கள். சிறுநீரகக் குழல்களும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். 1952-ல் லோவும் சக மருத்துவர்களும் விவரித்ததால் லோ நோய்க்குறி என்று பெயர். மயோட்யூபுலாரின் என்ற இன்னொரு பாஸ்பேட்டேஸ் கெட்டால், பிறந்ததிலிருந்தே தசை துவண்டு, மூச்சுவிடவே சிரமப்படும் குழந்தைகளைப் பார்க்கிறோம். ஒரே வளையத்தில் எந்தப் பாஸ்பேட் கழலவில்லை என்பதற்கு ஏற்ப இத்தனை வித்தியாசம். ‘பாஸ்பேட்டேஸ் நிறுத்தும்’ என்ற அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, ‘எந்த இடத்துப் பாஸ்பேட், எந்தச் சவ்வில்’ என்று எழுதிவையுங்கள்.

டி.பி.க்கு ஆறு மாத மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும் என்கிறார்கள். விழுங்கிய பிறகும் அது ஏன் சாவதில்லை?
(வேலூர் வாசகர்)

அந்தக் கிருமியும் ஒரு பாஸ்பேட்டேஸை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. நுரையீரலில் உள்ள மாக்ரோபேஜ் என்ற வெள்ளை அணு கிருமியை விழுங்கும்போது, சவ்வால் ஆன ஒரு பை அதைச் சூழ்ந்துகொள்ளும். அந்தப் பையின் சவ்வில் 3-ஆம் இடத்தில் மட்டும் பாஸ்பேட் உள்ள இனோசிட்டால் லிப்பிட் சேர வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வேறு புரதங்கள் வந்து, அமிலமும் செரிக்கும் நொதிகளும் நிறைந்த லைசோசோமோடு பையை இணைக்கும். டி.பி. கிருமி இருக்கும் பை அப்படி இணைவதில்லை என்று 1971-ல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் லண்டனில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். காரணங்களில் ஒன்று 2005-ல் தெரிந்தது. கிருமி சாப்-எம் என்ற பாஸ்பேட்டேஸைச் சுரந்து, பையின் சவ்விலிருந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. லைசோசோம் வந்து சேர வழியில்லை.

2013-ல் டெல்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் அனில் தியாகியின் குழு, சாப்-எம் மரபணுவை நீக்கிய கிருமியைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்தக் கிருமியால் பழையபடி பெருக முடியவில்லை. டி.பி. கிருமியிடம் வேறு தந்திரங்களும் உண்டு. செல்லுக்குள் இப்படிப் பதுங்கி, மெதுவாக வளர்ந்து, நாள்கணக்கில் உயிரோடு கிடப்பதால்தான் மருந்துக் காலம் நீள்கிறது. இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை இடையில் நிறுத்திவிடாதீர்கள் ஐயா.

பாக்கெட் பாலைச் சரியாகச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?
(விருதுநகர் வாசகி)

அதற்கும் ஏ.எல்.பி.தான் சாட்சி. பசுவின் மடியில் பால் சுரக்கும் செல்லிலிருந்து கொழுப்புத் துளி வெளியே வரும்போது, அந்தச் செல்லின் சவ்வையே சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சவ்வோடு ஏ.எல்.பி.யும் பாலுக்கு வந்துவிடுகிறது. 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவது பாஸ்டர் முறை. பாலில் பரவும் டி.பி. கிருமி சாவதற்கு வேண்டிய சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில்தான் இந்த நொதி கெடும். ஆகவே நொதி கெட்டுவிட்டது என்றால் கிருமியும் செத்திருக்கும். 1930-களில் இங்கிலாந்தில் கேயும் கிரகாமும் இதைச் சோதனையாக்கினார்கள். மேலே சொன்ன அதே மஞ்சள் சோதனையும் இதற்குப் பயன்படுகிறது. பாஸ்டர் செய்த பாலில் மஞ்சள் ஏறினால் சூடு பற்றவில்லை, அல்லது பச்சைப் பால் கலந்திருக்கிறது. கறந்த பால் வாங்குகிறீர்களா? பொங்கக் காய்ச்சிவிடுங்கள், போதும்.

உடம்பில் பாஸ்பேட்டேஸ் கூட என்ன சாப்பிடலாம்?
(சேலம் வாசகர்)

எதுவும் வேண்டாம். தனியாகக் கூட்டுவதால் நன்மை இல்லை. துத்தநாகச் சத்து மிகவும் குறைந்தவர்களுக்கு ஏ.எல்.பி. இறங்கும். பயறு, கடலை, முட்டை, மீன் என்று சாப்பிடுகிறவருக்கு அந்தக் கவலை பெரும்பாலும் தேவைப்படாது.

எனக்கு 46 வயது. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. லிப்பின் என்ற நொதியை அடக்கிவிட்டால் உடம்பில் கொழுப்பே சேராது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படி மருந்து வந்தால் நல்லதுதானே?
(சிவகாசி வாசகர்)

வீடியோ பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறது. மீதிப் பாதிதான் முக்கியம்.

செல் கொழுப்பு செய்யும் வழியைப் பார்ப்போம். கிளிசராலில் மூன்று இடங்கள். இரண்டில் கொழுப்பு அமிலங்கள் ஏறும், மூன்றாவதில் பாஸ்பேட் இருக்கும். இதற்குப் பாஸ்பாட்டிடிக் அமிலம் என்று பெயர். வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள மடை மாதிரி, இந்த இடத்தில் நிற்கிறது லிப்பின். அது பாஸ்பேட்டைக் கழற்றினால் டை அசைல் கிளிசரால் கிடைக்கும். அதில் மூன்றாவது கொழுப்பு அமிலம் சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு, அதாவது சேமிப்புக் கொழுப்பு. கோலின் சேர்ந்தால் லெசித்தின், அதாவது சவ்வுக்கு வேண்டிய சரக்கு. லிப்பின் கழற்றாமல் விட்டால் அந்த அமிலம் வேறு சவ்வு லிப்பிட்டுகளாகப் போகும். ஈஸ்ட் செல்லில் இதற்கு இணையான நொதியை நீக்கினால், சேமிப்புக் கொழுப்பு குறைந்து, உட்கருவின் சவ்வு அளவுக்கு மீறிப் பெருத்துக் கோணல்மாணலாகிறது. கொழுப்பா, சவ்வா என்ற தீர்மானம் ஒரு பாஸ்பேட் கழல்வதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி நான் பார்த்ததில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. லிப்பின் மேலேயே பாஸ்பேட்டுகள் ஏறியிருந்தால் அது செல்லின் நீர்ப்பகுதியில் சும்மா கிடக்கும். வேறொரு பாஸ்பேட்டேஸ் வந்து அவற்றைக் கழற்றினால்தான் சவ்வில் போய் உட்கார்ந்து வேலை தொடங்கும். மக்னீசியமும் கூட வேண்டும்.

இந்த வேலை நடப்பதை 1957-லேயே சிகாகோவில் யூஜின் கென்னடி குழு கோழி ஈரலில் கண்டது. ஆனால் எந்த மரபணு என்று தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 2001-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேரன் ரூ குழு, நோயுற்ற ஒரு சுண்டெலி இனத்திலிருந்து ‘லிப்பின்’ மரபணுவைப் பிடித்தது. அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. 2006-ல் நியூஜெர்சியில் ஜார்ஜ் கார்மன் குழு ஈஸ்ட்டிலிருந்து அந்த நொதியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே குடும்பம் என்று வெளிப்பட்டது.

அந்தச் சுண்டெலியைத்தான் உங்கள் வீடியோ சொல்லாமல் விட்டது. அதன் உடம்பில் கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லை, சரி. ஆனால் குட்டியாக இருக்கும்போது அதன் ஈரல் கொழுப்பால் வீங்கி வெளிறிக் கிடக்கும். சேமிக்க வேண்டிய இடத்தில் சேமிக்க முடியாமல் போனதும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையும் சிதைந்தது. கொழுப்பு சேராத உடம்பு என்றால் ஆரோக்கியமான உடம்பு என்று அர்த்தமில்லை.

மனிதர்களில் மூன்று லிப்பின்கள் உண்டு. முதலாவது தசையில் அதிகம். அது பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் பற்றி 2008-ல் விவரம் வந்தது. அவர்கள் ஒல்லியாகிவிடவில்லை. காய்ச்சல் வந்தாலோ பட்டினி கிடந்தாலோ அவர்களின் தசை திடீரென்று உடைந்து கரைகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது, சிறுநீரகமும் இதயமும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. காய்ச்சலோடு கை கால் வலியென்று துடித்து, சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போகும் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் தசை உடைவதைக் காட்டும் சி.கே. என்ற ரத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போது லிப்பின் மருந்து தேவையில்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரலில் கொழுப்பு நன்றாக இறங்கும். மதுப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரை, ட்ரைகிளிசரைடு இரண்டையும் பார்த்துவிட்டு, ஸ்கேனை எப்போது திரும்ப எடுப்பது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.